அச்சடித்த கீறல்

பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய மெலமைன் தட்டுகளில் ஒன்றுகூடத் தன்னைப் பீங்கான் என்று சொல்லிக்கொண்டதில்லை. பச்சை என்றால் பச்சை, உடைத்துப் பார்த்தாலும் உள்ளே அதே பச்சை. கையில் எடுத்தால் கனம் தெரியும். இப்போது கடையில் விற்பதைப் பாருங்கள். ஒன்று கருங்கல் வேஷம் போடுகிறது, இன்னொன்று மரம், மற்றொன்று கையால் வனைந்த மண்தட்டு என்று காட்டிக்கொள்ள விளிம்பை வேண்டுமென்றே கோணலாக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் மேலே ஒட்டிய படம். பிளாஸ்டிக்காகப் பிறந்ததில் அப்படி என்ன வெட்கம்?

இந்தக் கேள்வியை நான் கடையிலேயே வாய்விட்டுக் கேட்பேன். அதனால்தான் மகள் என்னோடு பாத்திரக் கடைக்கு வருவதில்லை. அந்தச் சனிக்கிழமையும் தனியாகத்தான் போனேன். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு மூடி வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாசலுக்குப் பக்கத்திலேயே புதுத் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே ஒரு பலகை: 'சாரல் – பழைய வீட்டின் நினைவு, புதிய வீட்டுக்கு.' முகத்தைச் சுளித்துக்கொண்டு கடந்து போயிருப்பேன். ஆனால் அந்த மஞ்சள் எனக்குத் தெரிந்த மஞ்சள். வெண்ணெய்க்குச் சற்று மேலே, எலுமிச்சைக்குச் சற்றுக் கீழே. விளிம்பில் ஒரு சின்னப் படி. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றைத் தாண்டி, விளிம்பு வரை ஓடி வளைந்த நீளக் கோடு ஒன்று.

அடுத்த தட்டை எடுத்தேன். அதே கோடுகள். அதற்கடுத்ததிலும் அதே வளைவு, அதே இடத்தில்.

அந்தக் கோடுகளை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அவை என் வீட்டுக்காரர் கத்தியால் போட்டவை.

அவர் பஸ் டிரைவர். இடதுகைக்காரர். வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் நின்றபடியே ஒரு ஆப்பிளை அந்த மஞ்சள் தட்டில் வைத்து நறுக்குவார். நாங்கள் குடிபோன முதல் வாடகை வீட்டில், முன்பு இருந்தவர்கள் பரணில் விட்டுப்போன தட்டு அது. என் சேகரிப்பே அதிலிருந்துதான் தொடங்கியது. மெலமைனுக்குக் கத்திதான் எமன். "தட்டுல வெட்டாதீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து கரடியாகக் கத்தினேன். "அப்புறம் தட்டு எதுக்கு இருக்கு?" என்பார். பலகை வாங்கி வைத்தேன், அதன் மேல் செய்தித்தாளை வைத்துப் படித்தார். மற்ற தட்டுகளையெல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினேன். அதை மட்டும் அவரிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை.

அந்த நீள வளைவு, ஒருநாள் கத்தி வழுக்கிக் கட்டை விரலை வெட்டிக்கொண்டபோது விழுந்தது. அவர் விரலைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். அதைச் சொல்லியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மானத்தை வாங்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தத் தட்டையும் அலமாரிக்குள் வைத்தேன், முன்வரிசையில், நடுவில். சேகரிப்பவர்கள் யாராவது வந்தால் இந்தக் கெட்டுப்போனதை ஏன் முன்னால் வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். மற்றதைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கடையில் நின்றபடி அந்த வளைவின் மேல் கட்டை விரலை ஓட்டினேன். என் வீட்டுத் தட்டில் அந்த இடத்தில் நகம் சிக்கும். இங்கே ஒன்றும் சிக்கவில்லை. கண்ணுக்குக் கீறல், கைக்கு வழவழப்பு.

அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அந்தத் தட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில்தான் அவருக்கு வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மகளோடு என் வீட்டுக்கு வந்தவர், பழைய மாடல் ஒன்று வேண்டும், வடிவத்தைப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவளும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். "நல்லதைக் குடுத்தா நீ திட்டுவேன்னுதான் கீறல் விழுந்ததைக் குடுத்தேன்மா" என்றாள் அன்று. பெற்றவளைப் பற்றி அவள் தெரிந்துகொண்ட லட்சணம் அது. இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்று மாப்பிள்ளை நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? உங்க மாமா வெட்டினதையெல்லாம் படம் புடிச்சு விக்கிறீங்களா?"

"அத்தை... அது டிசைன் அத்தை."

"எது டிசைன்?"

"அந்தக் கோடெல்லாம். டிசைனர்தான் பண்ணாங்க. ரொம்ப நல்லாப் போகுது அத்தை."

நல்லாப் போகுதாம். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே இவரைப் பெற்றெடுத்திருக்கிறார்கள். சாட்சிக்காக ஒரு தட்டு வாங்கினேன். காசு கொடுத்து நான் வாங்கிய முதல் புது மெலமைன் அதுதான். கடைக்காரர் பரிசுத் தாள் சுற்றட்டுமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை உள்ளே வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். டிசைனர் சின்னப் பெண். காதில் பெரிய வளையம், மேஜையில் பெரிய கம்ப்யூட்டர், வாய் நிறையச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்க தட்டுதான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்! ஜன்னல் மேல மழை அடிச்ச மாதிரி கோடு கோடா... பார்த்த உடனே 'சாரல்'னு பேர் வெச்சுட்டேன்."

"ஏம்மா, அது மழை இல்ல. கத்தி."

"ஐயோ, எவ்வளவு ஆர்ட்டிஸ்டிக்கா இருக்கு தெரியுமா?"

"ஆப்பிள் வெட்டின கத்தி. நான் தினமும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வெட்டினது. நீ அதை எடுத்து மழைன்னு விக்கிறே. அதுவும் தடவிப் பார்த்தா ஒண்ணும் இல்லாத மழை."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க பல் செட் செய்றவங்கன்னு சார் சொன்னாரு. அதுல நீங்களே சின்னதா கறை, விரிசல் எல்லாம் வைப்பீங்களாமே, நிஜம் மாதிரி தெரியணும்னு?"

மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"வைப்பேன்," என்றேன். "வாய்க்குச் சொந்தக்காரர் கேட்டா, அவர் வாய்க்கு மட்டும் வைப்பேன். ஒருத்தரோட கறையை எடுத்து ஊர் வாய்க்கெல்லாம் ஒட்டி, அதுக்குச் சாரல்னு பேரும் வைக்க மாட்டேன். அதோட என் பல்லு கடிக்கும். உன் கோடு எதையாவது வெட்டுமா?"

அடுத்த தடவை அச்சடிக்கும்போது கோடுகளை எடுத்துவிட வேண்டும், ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். மேலாளர் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து, சரி என்று தலையாட்டினாள். கம்ப்யூட்டரில் அந்தத் தட்டைத் திறந்தாள். திரை முழுக்க மஞ்சள், அதில் அவர் கை போன வழியெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"என் தட்டை முதல்ல குடு," என்றேன்.

அப்போது அவள் முகம் மறுபடி மலர்ந்தது. "அதுல உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு மேடம்!"

அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு வந்தாள். வெல்வெட் துணி, ரிப்பன் எல்லாம் இருந்தது. திறந்தாள். உள்ளே என் தட்டு பளபளவென்று இருந்தது.

கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். முதலில் உப்புத்தாள், பிறகு துணிச் சக்கரம், கடைசியில் பசை. நல்ல வேலைதான். நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பள்ளம் விழும்வரை தேய்த்திருந்தார்கள். கட்டை விரலை விளிம்புவரை ஓட்டினேன். எங்கேயும் சிக்கவில்லை. திரும்பவும் ஓட்டினேன்.

"எல்லாக் கீறலும் போயிடுச்சு," என்றாள் அந்தப் பெண், பெருமையாக. "புதுசு மாதிரி ஆக்கிக் குடுக்கணும்னு எங்க டீம் ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சாங்க."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்த கோபத்துக்குச் சத்தம் போதவில்லை. கீறலை விற்கிறவர்கள் இவர்கள். அதற்குப் பேர் வைத்து, பலகை எழுதி, கோபுரமாக அடுக்கி விற்கிறார்கள். அதே கீறல் என் தட்டில் இருந்தால் மட்டும் அழுக்காம், தேய்த்துத் தருவார்களாம், ரிப்பன் வேறு கட்டுவார்களாம்!

மாப்பிள்ளைக்கு மெதுவாகப் புரிந்தது. "அத்தை," என்றார். அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. சமாதானம் செய்கிற அவசரத்தில் திரைப்பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்ன மாதிரியே மேடம், இந்தக் கோட்டையெல்லாம் இப்பவே அழிச்சிடறேன். உங்க கண் முன்னாடியே."

கோடுகளைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டாள். விரல் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது.

"தொடாதே!"

அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதையாவது தொடாம விடும்மா. உலகத்துல இனிமே அது உங்க படத்துல மட்டும்தான் இருக்கு."

அவள் விரலை எடுத்துவிட்டாள். இலவசமாக ஒரு பெட்டித் தட்டு தருகிறோம் என்று மேலாளர் வெளியே வந்து சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கடையில் வாங்கிய அந்தப் பொய்த் தட்டை, அதன் விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்வரிசையில், நடுவில் வைத்தேன். சுற்றிலும் அசல்கள். இனிமேல் சேகரிப்பவர்கள் யாராவது வந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும், அவர்களுக்கு என் வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது.

பழைய தட்டைச் சமையலறை மேடையில் வைத்தேன். அவ்வளவு வழவழப்பாக அது அங்கே கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஆப்பிளைக் கழுவி அதன் நடுவில் வைத்து, கத்தியை எடுத்து அழுத்தினேன். முதல் கோடு விழுந்தது. நான் வலதுகைக்காரி, கோடு மறுபக்கம் சாய்ந்தது.

"தட்டுல வெட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று உரக்கத் திட்டினேன். நான் சொன்னது அன்றும் சரிதான், இன்றும் சரிதான்.

இன்னொரு துண்டு வெட்டினேன்.