பிடிச்சிருக்கா?

1

இந்தக் கதை என் கழுத்திலிருந்து பிறந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்கு முன் எழுதிய தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன். மறைத்ததால் வந்த வினையைப் பற்றிய கதையில், அடித்த வரிகளை மறைப்பது அழகல்ல.

[முதல் தொடக்கம்: "எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குக் கழுத்து வலி." பொய். தெருவில் எந்தப் பெரியவருக்கும் வலி இல்லை. வலி எனக்கு.]

[இரண்டாம் தொடக்கம்: "வலி என்பது மனித குலத்தின் பொதுச் சொத்து." இதை எழுதும்போதே கொட்டாவி வந்தது. கொட்டாவி விட்டதும் கழுத்து இழுத்தது. நிறுத்தினேன்.]

[மூன்றாம் தொடக்கம்: "அவள் ஜன்னல் பக்கம் திரும்பி" எங்கே திரும்புவது? அதுதானே பிரச்சினை.]

ஆகவே, கழுத்து.

நான் ஓர் அச்சகத்தில் முப்பத்தோர் ஆண்டு மெய்ப்புத் திருத்தியவள். தாள் அச்சுக்குப் போகும் முன் அதிலுள்ள பிழைகளைக் களைவது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காரணம் இந்தக் கதைக்கு வேண்டாதது. தம்பி வீட்டில் இருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். தம்பி குடும்பம் என் வீட்டில் இருக்கிறது என்பதே திருத்திய பாடம்.

2

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவனுக்கு ஒரே மகள். அவள் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். கடைக்கு மேல்மாடியில் பிசியோதெரபி நிலையம். அங்கே ஊரார் கழுத்தையும் முதுகையும் நேராக்கும் ஓர் இளைஞன். மீதியை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒன்றரை வருடமாக ஊகிக்காமல் இருந்தது நான் மட்டும்தான்.

"அப்பா சரின்னுட்டார், அம்மாவும் சரின்னுட்டாங்க. நீங்களும் சொன்னாத்தான் சரி, அத்தை," என்றாள். "நீங்க வேண்டாம்னா நான் ஓடியெல்லாம் போக மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். இங்கேயே உங்க பக்கத்துல உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்த்துக்கிட்டு இருப்பேன்."

இதைவிடப் பெரிய மிரட்டலை நான் கேட்டதில்லை.

பையனின் தாய் தையற்கடை நடத்துகிறவர். கணவர் இல்லை. போனில் பேசினேன். மரியாதையான குரல். அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று நானும் கொஞ்சம் உயரத்தில் ஏறி நின்று பேசிவிட்டேன்.

"எங்க குடும்பத்துல உடம்புக்குன்னு யாருக்கும் ஒண்ணு வந்ததே இல்லைங்க. கழுத்து, முதுகு, மூட்டு எல்லாம் இரும்பு. உங்க பையனுக்கு எங்க வீட்டுல வேலையே இருக்காது!"

அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலை என் தலை இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது.

(அடிக்குறிப்பு: வேறொருவர் கதையில் இப்படி வந்திருந்தால் ஓரத்தில் "நம்பும்படி இல்லை" என்று குறித்திருப்பேன். என்ன செய்வது, முந்தின நாள் இரண்டு தலையணை வைத்துப் படுத்துக்கொண்டே படித்தேன்.)

3

பையன் வீட்டார் பெண் பார்க்க வர நான்கு நாள் இருந்தது. வீட்டில் வாய் திறக்க முடியாது. வலி என்று ஒரு சொல் விழுந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்து நிற்பார்கள். தம்பி என் தலையை இரு கையாலும் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவான். சிக்கிய லிஃப்ட் கதவுக்கு அவன் அதைத்தான் செய்கிறான். தம்பி மனைவிக்கு எல்லா நோவுக்கும் ஒரே காரணம்: "நீங்க தண்ணியே குடிக்கிறதில்லைக்கா." தலைவலிக்கும் அதுதான், கால் ஆணிக்கும் அதுதான். அதோடு, நாலு பேருக்குத் தெரிந்தது சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

எனவே ரகசியமாக வைத்தியம் பார்த்தேன். தைலம் தடவினேன். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. வாசனை மட்டும் சமையலறை வரைக்கும் நடந்து போனது.

"யாருக்கோ ஜலதோஷம் போலிருக்கேக்கா?"

"எலிக்கு," என்றேன்.

உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். அரை மணி நேரம் சொர்க்கம், பிறகு பழைய கதை. தலையணையே இல்லாமல் படுத்தேன். வலப்பக்கமும் வலித்தது. நான்காம் நாள், தலையை அசைக்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். அது எனக்கு எப்படியும் பழக்கம்தான்.

4

வந்தார்கள். பையன் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். அவனிடம் பேச நான் நாற்காலியோடு திரும்ப வேண்டியிருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தான். தையற்கடைக்கார அம்மாவோ என் தோள்களை மாறி மாறிப் பார்த்தார். ஒரு தோள் மற்றதைவிட அரை இஞ்ச் ஏறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்புமா?

"நல்லா சாஞ்சு உட்காருங்களேன்," என்றார் அவர்.

"எங்களுக்குச் சாஞ்சு பழக்கமில்லைங்க."

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பார்க்கறீங்களா?" என்றான் பையன்.

"பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாச்சு தம்பி."

(இந்த வாக்கியம் எவ்வளவு கெட்ட வாக்கியம் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.)

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் என் கழுத்திலிருந்து கண்ணை எடுத்துத் தாயைப் பார்த்தான். அவர் என் பக்கம் குனிந்து, "சுத்தி வளைக்காம கேட்டுடறேங்க. பிடிச்சிருக்கா?" என்றார்.

வாசகரே, இந்தச் சொல்லைத் தமிழில் இப்படி யார் வைத்தார்கள்? மாப்பிள்ளையும் பிடிக்கிறது, கழுத்தும் பிடிக்கிறது. அவர் கேட்டது மகனைப் பற்றி. என் காதில் விழுந்தது கழுத்தைப் பற்றி. கண்டுபிடித்துவிட்டார்கள்! மகன் ஜாடை காட்ட, தாய் கேட்கிறார்!

"எனக்கா? அதெல்லாம் ஒண்ணும் பிடிக்கலை," என்றேன்.

உறுதி போதவில்லை என்று நினைத்து மேலும் சேர்த்தேன். "இன்னிக்கு நேத்து இல்லைங்க, எங்க பரம்பரையிலேயே யாருக்கும் பிடிச்சதில்லை. இனிமேலும் பிடிக்காது."

தம்பி மனைவி கொண்டுவந்த தேநீர்த் தட்டு வாசற்படியிலேயே நின்றது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"வெளிப்படையா சொன்னீங்களே, நன்றிங்க. வாடா."

அவர்கள் போனதும் தம்பி என் எதிரே வந்து நின்றான். "என்னக்கா இது? பையனைப் பிடிக்கலைன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவியா?"

"பையனையா? பையனைப் பத்தி யாருடா கேட்டா?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சிரித்துவிட்டு, ஓடிப்போய் அவர்களைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குக் கழுத்தைச் சொல்ல வேண்டும். போனில் பேசிய இரும்பையும் சொல்ல வேண்டும். தம்பி மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னது சொன்னதுதான்," என்றேன்.

5

[இங்கே மெய்ப்புத் திருத்துவோருக்கு வரும் தொழில் நோய்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால், மூன்று பக்கமும் நான் செய்தது சரி என்று நிரூபிக்கும் முயற்சி. நீக்கப்பட்டது.]

6

தம்பி மகள் சண்டை போடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், எதைச் சொன்னாலும் "சரிங்கத்தை" என்றாள். அந்தச் 'சரிங்கத்தை' என்னை என்ன செய்தது என்று எழுத எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. (கிடைத்தால் இங்கே செருகுவேன்.)

நான்காம் நாள் மாலை ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்தாள்.

"ஒரே தலையணை, அதுவும் தட்டையாக. ஒரு துண்டை சுருட்டிக் கழுத்துக்கு அடியில் வைக்கவும். வெந்நீர் ஒத்தடம் காலை மாலை. நேராக உட்கார்ந்து தாடையைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணவும். பத்து தடவை. வலி கூடினால் நிறுத்தவும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டவும். ஆன்ட்டிக்கு இடது பக்கம் என்று நினைக்கிறேன்."

இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தவில்லை.

"யார் எழுதினது?"

"உங்களுக்குப் பிடிக்காதவர்."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"வந்து உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுதாம். நீங்க மறைக்கறீங்கன்னும் தெரிஞ்சுதாம். அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விஷயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். சொல்லுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். 'உங்க அத்தை மறைச்சதை நான் எப்படிச் சொல்றது'ன்னுட்டார். நம்ம வீட்டு மானத்தை இப்போ அவர்தான் காவல் காத்துக்கிட்டு இருக்கார் அத்தை."

துண்டைச் சுருட்டினேன்.

தாடையை இழுத்து எண்ணும் அந்தப் பயிற்சி பார்க்க அசிங்கமாக இருக்கும். கோபித்துக்கொண்ட வாத்து போல. ஆனால் வேலை செய்கிறது. ஆறாம் நாள் சாப்பாட்டு மேசையில் என் தலை தானாகவே இடப்பக்கம் திரும்பியது. அங்கே அவள் தட்டு இருந்தது. வைத்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இத்தனை நாளும் அவள் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

[முடிவு அ: அந்த அம்மாவே போன் செய்து, "தப்பா புரிஞ்சுக்கிட்டோம்" என்று மன்னிப்புக் கேட்கிறார். மிக இனிமையான முடிவு. வெட்கமில்லாத முடிவும்.]

[முடிவு ஆ: தம்பி போய்ப் பேசிச் சரிக்கட்டுகிறான். சிக்கவைத்தது நான், இழுப்பது அவனா?]

[முடிவு இ: அத்தை திடீரென்று காலமாகிறாள், இளையவர்கள் அழுதபடி ஒன்றுசேர்கிறார்கள். இந்தக் கதாபாத்திரத்தை நான் நம்பவில்லை. கழுத்து வலி என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் சாகவும் தயாராக இருக்கிறாள்.]

மூன்றையும் அடித்துவிட்டுத் தையற்கடைக்கு நடந்தேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வாங்க. அளவு எடுக்கணுமா?"

"இல்லைங்க. அன்னிக்கு எனக்குப் பிடிச்சிருந்ததுன்னு சொல்ல வந்தேன்."

"பிடிச்சிருந்ததா? பரம்பரையிலேயே பிடிக்காதுன்னீங்க?"

"கழுத்துங்க."

மெஷின் நின்றது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "போன்ல சொன்னது பொய்ங்க. எங்க குடும்பத்துல உடம்புக்கு வரும். நல்லாவே வரும். எனக்குக் கழுத்து, என் தம்பிக்குத் தோள், அவன் மனைவிக்கு வாயு. உங்க பையனுக்கு எங்க வீட்டுல வேலை நிறைய இருக்கு. அவனுக்கு என்னைப் பார்த்ததுமே தெரியும். என் மானத்துக்காக உங்ககிட்டகூட வாயைத் திறக்கலை. அப்படிப்பட்ட பிள்ளையை நான் வேண்டாம்னு சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மடியிலிருந்த ஊசிப்பெட்டி சரிந்து தரையெல்லாம் ஊசி. சிரித்து ஓய்ந்ததும் மெதுவாக எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"நீங்க இவ்வளவு சொன்ன பிறகு நான் சும்மா இருந்தா நியாயமில்லை," என்றார். "அன்னிக்கு நான் சட்டுன்னு கிளம்பினது கோபத்துல மட்டும் இல்லைங்க. உங்க வீட்டு நாற்காலியில உட்கார்ந்ததுலேருந்தே எனக்கு

[வாக்கியம் இங்கே நிற்கிறது. நிற்கட்டும்.]

இதுவரை படித்த தம்பி மகள் தாளைக் கீழே வைக்காமல் கேட்கிறாள்: "என்ன அத்தை, பாதியில விட்டுட்டீங்க? அவங்களுக்கு என்னதான் செய்யுதாம்?"

மூட்டாக இருக்கலாம், வயிறாக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது மறைத்து வைத்திருப்பார்கள்; அதையே எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்து வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து ஓர் எழுத்து வராது. சம்பந்தி வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.