ஒன்பதாவது பதிப்பு

"கையக் கழுவினியா?" என்று அவர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

"கழுவியாச்சு, துடைச்சும் ஆச்சு. சமைக்கப் போறப்பகூட நான் இத்தனை தடவ கழுவினதில்ல," என்றாள் அவள். டிஸ்க்கின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பிளேயரில் வைத்தாள். அது லேசாக முனகி உள்ளே இழுத்துக்கொண்டது.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் அந்த முனகலைக் கேட்டு, டிவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பழக்கம்தான் திருப்பியது. தலைக்குள் வளர்ந்த கட்டி நான்கு மாதத்துக்கு முன்பு அவருடைய இடது கண்ணை எடுத்துக்கொண்டது, போன வாரம் வலது கண்ணையும். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் மகனிடம் வெளியே வைத்துச் சொன்னது, கதவு சாத்தியிருந்தும் அவர் காதில் விழுந்துவிட்டது. "கூரியர் வர்ற வரைக்கும் தாங்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு," என்றார் மகனிடம்.

கூரியர் இன்று காலை வந்தது. அட்டையைத் தடவிப் பார்த்து, "ஒன்பதாவது," என்றார்.

ஒரே படம், ஒன்பது வெளியீடு. அவர் லிஃப்ட் மெக்கானிக். சினிமாவுக்கும் அவருக்கும் வேறு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அந்தப் படமும் தியேட்டரில் ஐந்தே நாள்தான் ஓடியது. அணை கட்டி மூழ்கடிக்கப் போகிற ஓர் ஊரை அளக்க ஒரு நில அளவைக்காரன் வருகிறான். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறார்கள். அளந்து முடியவில்லை என்று அவன் மட்டும் தங்கிவிடுகிறான். தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான் கதை. எடுத்தவர் அடுத்த படம் எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் கேசட்டாக வந்த பிறகு அது கை மாறி, வீடு மாறி, எங்கெங்கோ இருந்தவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. கல்யாணமான புதிதில் இவரைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை.

முதல் கேசட்டில் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, பேசுகிறவரின் மூக்கு மட்டும் தெரியும். இரண்டாவதில் மழைக் காட்சியே இல்லை. இரண்டு தட்டாக வந்த விசிடியில், கதாநாயகி "நான் உன்கூட" என்று சொல்லும்போது முதல் தட்டு தீர்ந்துவிடும். எழுந்து போய் அடுத்ததைப் போட்டால்தான் "வரல" என்பாள். ஒரு டிவிடியில் ராத்திரி எல்லாம் பகலாக வெளுத்துப் போயிருக்கும். இன்னொன்று நான்கு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். அதில் எதையும் வெட்டவில்லை, ஓடுகிற வேகம்தான் கூடுதல். அதை அவர் காதால் கண்டுபிடித்தார். "எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாப் பேசறாங்க!" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்படி எட்டையும் ஒப்பிட்டு மூன்று நோட்டு நிரப்பி வைத்திருந்தார். எந்தக் காட்சி எதில் எத்தனை நொடி, எதில் இசை சேர்ந்தது, எதில் நிறம் மாறியது என்று எல்லாமே அதில் இருக்கும். படத்தின் பித்தர்கள் கூடுகிற இணையக் குழுவில் அவருக்குப் பெயர் நொடிக்காரர். பழைய சுருள்களைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து புது டிஸ்க் போடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே ஒரே கேள்விதான். நொடிக்காரர் என்ன சொல்லப் போகிறார்?

நொடிக்காரருக்கோ கண் போய்விட்டது. நோட்டு அவள் மடிக்கு வந்தது.

"துணி ஆல்டர் பண்றவகிட்ட போய் இதக் குடுக்கறீங்களே. பையன் மருந்து வாங்கிட்டு வரட்டும், அவனப் பார்க்கச் சொல்லலாம்."

"அவன் ஃபோனத்தான் பார்ப்பான். நீ பாரு. தெரியறதச் சொல்லு. தெரியாததையும் சொல்லு."

மதியம் இரண்டரை மணி. ஜன்னலுக்குக் குறுக்கே போர்வையை மாட்டிவிட்டு, கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடமாக அந்தப் படம் இந்த வீட்டில் ஓடியிருக்கிறது. கைவேலையோடு குறுக்கே போகும்போது துண்டு துண்டாகக் கண்ணில் பட்டதுதான். உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

"இப்ப ஒரு கதவு. திறக்காது. மூணு எண்ணு," என்றார் அவர். "இப்ப நாய் திரும்பும்."

நாய் திரும்பியது.

"அவன் செருப்பக் கழட்டுவான். இடது கால் முதல்ல."

இடது காலைத்தான் முதலில் கழற்றினான். அவளுக்குக் கை சிலிர்த்தது. இமை மூடிக் கிடக்கிற இந்த மனிதர் உள்ளே அதே படத்தை அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே இம்மியும் பிசகவில்லை.

அவள் தான் பார்த்ததைச் சொன்னாள். சுவரில் விரிசல் தெரிகிறது, புல்லின் நுனி தெரிகிறது, கிழவியின் மூக்குத்தியில் கல் ஒன்று உதிர்ந்திருக்கிறது. "சுவத்துல காலண்டர் தொங்குது."

"எந்தச் சுவத்துல?"

"அவன் படுக்கற அறையில. கட்டிலுக்கு மேல."

"அங்க ஒரு கறைதான் இருக்கும். கறுப்பா."

"கறை இல்லைங்க, காலண்டர். தேதி பதினாலு. அதுக்கப்புறம் யாரும் கிழிக்கல."

"எட்டு வெளியீட்டுலயும் கறை," என்றார். "எழுது. காலண்டர். பதினாலு." அவள் எழுதினாள். அவர் கன்னத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டு மறுபடியும் டிவியைப் பார்த்தாள். இப்போது தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. அளவைக்காரன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் ஏறி வருகிற தண்ணீரைப் பார்த்து நிற்கிறான்.

"பதினோரு நொடி. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. ஆனா…"

"என்ன ஆனா?"

"கோட்டு வேற."

"அதே கோட்டுதான். படம் முழுக்க ஒரே கோட்டு."

"நிறம் அதேதான். தையல் வேற. இவ்வளவு நேரம் அவன் போட்டிருந்தது அவனுக்குன்னே அளவெடுத்துத் தச்சது, தோள்ல தட்டு மாதிரி உக்காந்திருந்தது. இது வேற யாருக்கோ தச்சது. வலது தோள் இறங்கின ஆளுக்கு. அந்தப் பக்கம் முக்கால் அங்குலம் இறக்கி வெட்டியிருக்காங்க. இவன் மாட்டினதும் கழுத்துக்குக் கீழ துணி மடங்குது பாருங்க." பாருங்க என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "நிறுத்து. ரெண்டாவது கேசட்ட எடு."

பழைய கேசட் பிளேயரை இழுத்து வைத்து, ஒயரை மாற்றி, ஓட்டிக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. புள்ளியும் கோடுமாகப் படம் வந்தது. அதே முதுகு, அதே தண்ணீர், அதே பதினோரு நொடி. கோட்டு தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. முதல் கேசட்டைப் போட்டாள். டிவிடியைப் போட்டாள். எல்லாவற்றிலும் அவனுக்குத் தைத்த கோட்டுதான்.

"இதுல மட்டும்தாங்க வேற."

அவர் அசையாமல் கிடந்தார். அவள் பயந்துபோய்க் குனிந்து மூச்சைக் கவனித்தாள்.

"இது வேற டேக்," என்றார் மெதுவாக. "ரெண்டு தடவ எடுத்திருக்காங்க. அதே மாதிரி நின்னு, அதே மாதிரி திரும்பி, ரெண்டும் பதினோரு நொடி. இத்தன வருஷமா நான் நொடிய எண்ணிட்டுக் கிடந்தேன். ஒரு பார்வையில தோளப் பிடிச்சிட்டியேடி."

கல்யாணமான முதல் வருடத்துக்கு அப்புறம் அவர் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"கண் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. உன் கையெழுத்துல எழுது. யாரு கோட்டு அது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"கேள்வியாவே எழுது."

எழுதினாள். மறுபடி டிஸ்க்கை ஓட்டினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, நொடிக்கு ஒரு தட்டாகச் சுட்டுவிரலால் தட்டிக்கொண்டே வந்தார். பேச்சு குறைந்துகொண்டு வந்தது. நாயைப் பற்றியோ செருப்பைப் பற்றியோ இப்போது முன்கூட்டிச் சொல்லவில்லை. விரல் மட்டும் தவறவில்லை.

கடைசிக் காட்சியில் தண்ணீர் வாசற்படி ஏறியது.

"பாட்டு சேர்த்திருக்கானா?"

"இல்ல. தண்ணிச் சத்தம் மட்டும்தான்."

"நல்லது. அப்படியே ஓடட்டும். எழுத்து முடிஞ்சதும் நிறுத்திடாத. கறுப்புத் திரையும் கணக்குதான்."

தண்ணீர் நடு அறைக்கு வந்தது. யாரோ விட்டுப்போன பாத்திரம் ஒன்று அசைந்து, தரையை விட்டு எழும்பி, தானாக அடுத்த அறைக்குப் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை, ஒருவரும் இல்லை. ஆனாலும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இதைத்தானா இவர் இத்தனை வருடமும் ஞாயிறு ஞாயிறாகப் பார்த்துக்கொண்டிருந்தார்? நான் அடுத்த அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேனே?

மணிக்கட்டில் விரல் தட்டியது. இன்னொரு தட்டு. அதற்கடுத்த தட்டு வரவில்லை.

அவள் திரும்பவில்லை. திரையின் மூலையில் படம் ஓடிய நேரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள். தண்ணீர் ஜன்னலைத் தொட்டு, ஜன்னலை மூடி, வெளிச்சத்தை மூடியது. எழுத்து ஓடியது. கறுப்புத் திரை ஒன்பது நொடி நின்றது. 'கறுப்பு, ஒன்பது' என்று நோட்டில் எழுதி, பேனாவை மூடி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

மகன் மருந்துப் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது, அவள் அவர் விரல்களைத் தன் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சான்றிதழில் எழுதுவதற்காக, "எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.

"ஒரு மணி முப்பத்தொன்பது நிமிஷம், பன்னெண்டு நொடி."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேகால். மகன் எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் மடியில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "நாலே முக்கால்னு போட்டுக்கங்க டாக்டர்," என்றான்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பி, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அவள் நோட்டை மகனிடம் நீட்டினாள். "இத அவரோட குழுவுல போட்டுடு."

"இப்பவாம்மா?"

"காத்துக்கிட்டிருப்பாங்க."

அப்பாவின் படத்தை வீட்டில் அதிகம் கிண்டல் செய்தவன் அவன்தான். அவனே உட்கார்ந்து டைப் அடித்தான். காலண்டர், மூக்குத்தி, கறுப்பு ஒன்பது என்று ஒன்றையும் விடவில்லை. அவள் எழுதிய கேள்வியையும் அப்படியே போட்டான். 'ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் வருவது வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கிய ஒருவரின் கோட்டு. யாருடையது?' கடைசியில், அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தான்.

சாயங்காலத்துக்குள் ஐம்பத்தேழு பேர் பதில் போட்டிருந்தார்கள். யாரும் நீளமாக எழுதவில்லை. எங்கெங்கோ பரணிலும் பெட்டியிலும் கிடந்த பழைய கேசட்டை எடுத்து, ஓட்டி, அந்த முதுகைப் பார்த்துவிட்டு, 'ஆமாம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மகன் ஒவ்வொன்றாகப் படித்தான். ஐம்பத்தேழு ஆமாம்.

மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. துவைத்து மடித்த சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நொடிக்காரர் வீடுதானேம்மா?"

"ஆமாங்க. உள்ள வாங்க, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார். "ராத்திரி பஸ் ஏறி வர்றேன். என் மருமக ஃபோன்ல படிச்சுக் காட்டினா, குழுவுல கேட்டு விலாசமும் வாங்கிக் குடுத்தா. நான் அந்தப் படத்துல லைட்மேன்."

மகன் சாய்ந்திருந்த சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"அந்த ஷாட் முதல் தடவ எடுத்து முடிச்சதும் நடிகர் கால் வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு. கோட்டு தொப்பலா நனைஞ்சுபோச்சு. டைரக்டருக்கு இன்னொண்ணு எடுத்து வச்சுக்கணும், ஆனா வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கு. சுத்திமுத்திப் பார்த்தாரு. அதே நிறத்துல நான் ஒண்ணு போட்டிருந்தேன். கழட்டுடான்னாரு." பெரியவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பதினோரு நொடி. நான் குளிர்ல நடுங்கிக்கிட்டே லைட்டப் பிடிச்சிருந்தேன். அப்புறம் படத்தப் பார்த்தா அது இல்ல, முதல்ல எடுத்ததத்தான் வச்சிருந்தாங்க. என் கோட்டு சினிமாவுல வந்திருக்குன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். ஒருத்தரும் நம்பல. கொஞ்ச நாள்ல நானே நம்பறத விட்டுட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தோள்ல லைட்டத் தூக்குவீங்க?"

"வலதுதான். நாப்பது வருஷம்."

அவள் உள்ளே போய் அளவு டேப்போடு வந்தாள். "கொஞ்சம் நேரா நில்லுங்க. கைய லூசா விடுங்க. மூச்சப் பிடிக்காதீங்க."

பெரியவர் டிவிக்கு முன்னால், முதுகைக் காட்டி நின்றார். பிடிக்கக் கூடாது என்று சொல்லியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மகன் யாரும் சொல்லாமலே வந்து டேப்பின் ஒரு நுனியைப் பெரியவரின் கழுத்தடியில் வைத்து அழுத்திப் பிடித்தான். அவள் மறு நுனியை மெல்ல இழுத்து, வலது தோளின் எலும்பு முடிகிற இடத்தைக் கட்டைவிரலால் தேடினாள்.