ஒரு நாள் போட்ட வெள்ளைச் சட்டை

எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவன் எவனும் வெள்ளைச் சட்டை போட மாட்டான். போட்டால் சாயங்காலம் அது சாம்பல் நிறத்தில்தான் வீடு திரும்பும். போர்மேன்கள் மட்டும் போடுவார்கள். நான் வெடிமருந்தில் கை வைக்கிறவன் இல்லை, வேலை வாங்குகிறவன் என்று ஊருக்குச் சொல்கிற சட்டை அது. போர்மேன் ஜெயச்சந்திரனுக்கு வெள்ளைச் சட்டையில் ஒரு கிறுக்கே உண்டு. இந்த சீசனுக்குக் கம்பெனியில் அவனுக்குப் புதுச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். பையில் சிவப்பு நூலால் கம்பெனி பெயர் தைத்திருந்தது. அதை அவன் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போன நாளில்தான் மருந்து அறை வெடித்தது.

போனது ஒரே உயிர், பாண்டிமுருகன். ஜெயச்சந்திரனின் தங்கை பொன்னுத்தங்கத்தின் புருஷன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஜெயச்சந்திரன்தான். அன்று காலையில்கூடத் தன் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் நின்ற பொன்னுத்தங்கம் அண்ணனின் புதுச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை, கல்யாண மாப்பிள்ளைதான் போ என்று கேலி செய்து அனுப்பினாள்.

மத்தியானத்துக்கு முன்பே ஜெயச்சந்திரன் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ஓடை வழியாக ஓடிவந்து கொல்லைக் கதவைத் தட்டினான். அவன் பெண்டாட்டி கற்பகம் திறந்தாள். புருஷன் உயிரோடு நிற்கிறான் என்று அவள் சாமியைக் கும்பிட்ட கை இறங்குவதற்குள் சட்டை கண்ணில் பட்டது. நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் ஈயம் பூசியதுபோல் மினுமினுத்தது. அலுமினியப் பொடி. கல்யாணமான புதிதில் நாத்தனாரோடு சேர்ந்து அந்தப் பொடியைச் சலித்தவள் அவள். அவர்கள் கம்பெனியில் அது மருந்து அறையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அவன் கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதான். பொய்யழுகை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது என்று இரண்டு தடவைக்கான மருந்தை ஒரே தடவையில் கலக்கச் சொன்னதும், வேண்டாம் மச்சான் என்று பாண்டிமுருகன் சொன்னதும், தானே பக்கத்தில் நின்று தட்டில் கொட்ட வைத்ததும், போன் வந்து வெளியே போனதால் தான் மட்டும் பிழைத்ததும் எல்லாம் அழுகையோடு வந்தது. பிறகு அழுகை நின்றுவிட்டது. முதலாளியிடம் போனில் பேசிவிட்டானாம். மருந்து கலக்குவதற்கு முன்பே தான் லேபிள் எடுக்கச் சிவகாசி போய்விட்டதாகவும், பாண்டிமுருகன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற ஆசையில் தானாகவே அளவை மீறிவிட்டதாகவும் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு எடுபட்டால் ஜெயச்சந்திரன் வீட்டில் இருப்பான். எடுபடாவிட்டால் ஜெயிலில் இருப்பான். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

சட்டையை அடுப்பில் போட்டுவிடலாமா என்று கற்பகம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், மருந்து ஏறிய துணியை நெருப்பிடம் கொண்டுபோகக் கூடாது. பளீரென்று சீறி எரிவதைத் தெருவே பார்த்துவிடும். புதைத்துவிடுகிறேன் என்றாள். ஜெயச்சந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கம்பெனிப் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சட்டையைப் பார்த்திருக்கிறார்கள். அது எங்கே என்று யாராவது கேட்டால்? அவனுக்கு அதிகப் புத்தி. அந்தப் புத்திதான் அவனைக் கெடுத்தது.

"அதே சட்டையை வெள்ளையா வெளுத்துக் குடு. நாளைக்குத் தங்கச்சி வீட்டுத் துட்டிக்கு அதைத்தான் போட்டுட்டு வருவேன். ஒரு பொட்டு கறை இல்லேன்னு எல்லாவனும் பாக்கட்டும்" என்றான்.

பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, சிவகாசியிலிருந்து பதறியடித்து வருகிறவனைப்போல வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாக ஊருக்குள் போனான். கற்பகம் கொல்லையில் தனியாக உட்கார்ந்தாள்.

அலுமினியக் கறை சோப்புக்கு அசையாது. தண்ணீர் பட்டால் இன்னும் பரவும். முதலில் காய்ந்த துணியிலேயே மண்ணெண்ணெய் விட்டுக் கசக்க வேண்டும், அப்போதுதான் பொடி நூலை விடும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துணியை முக்கி, மூடி வைக்க வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றுபோன பிறகும் எங்கள் ஊர் வீடுகளில் ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருப்பது இதற்காகத்தான். இந்த வித்தையைக் கற்பகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் பொன்னுத்தங்கம். முதல் மாதம் கற்பகம் தன் கல்யாணச் சேலையையே பாழாக்கிவிட்டு அழுதபோது, இதுக்குப் போயா மதினி அழுவீக என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்து வந்தவள்.

அது ஞாபகம் வந்ததும் கற்பகத்தின் கை நின்றது. நாலு வீடு தள்ளி நாத்தனாரின் ஒப்பாரி கேட்டது. அங்கே போய் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியவள் இங்கே உட்கார்ந்து அவள் புருஷன் மேல் பழியைப் போடுவதற்குச் சட்டை வெளுக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் இவனும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கசக்கினாள்.

கறை போய்விட்டது. மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர், கடைசியில் சொட்டு நீலம். மறுநாள் வெயிலில் சட்டை கண்ணைக் கூச வைத்தது. வாசனைத் தண்ணீரையும் தெளித்து, இஸ்திரி போட்டு நீட்டினாள். ஜெயச்சந்திரன் முகர்ந்து பார்த்துவிட்டு, கெட்டிக்காரி என்றான்.

அதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது. பாண்டிமுருகன் அவசரக்காரன்தான் என்றார்கள். இருக்கிற ரூல்ஸை மதிக்காதவன், பக்கத்து அறையில் இருந்தவர்கள் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். பொன்னுத்தங்கம் அழுகைக்கு நடுவில் அண்ணனிடம், அவுக அப்படிச் செய்யுற ஆளா என்று கேட்டாள். நான் அங்கன இருந்திருந்தா விட்டிருப்பேனா தாயி என்றான் அவன். அவள் நம்பினாள். கூடப்பிறந்தவன் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பாண்டிமுருகன் வந்தான். தலைமுதல் கால்வரை துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்க முகம் இல்லை. மாலையைக் கட்டின் மேல் வைத்துவிட்டு ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். பந்தலோரம் நின்ற போலீஸ்காரர் ஜெயச்சந்திரனின் சட்டையை ஏற இறங்கப் பார்த்ததைக் கற்பகம் பார்த்தாள்.

எடுப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். புருஷனை இழந்தவளுக்கு அண்ணன் தம்பி புதுச் சேலை கொண்டுவந்து தோளில் போர்த்துவார்கள். அவன் போனாலும் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். அது ஆகாமல் தூக்க மாட்டார்கள். ஜெயச்சந்திரன் சேலையோடு உள்ளே வந்தான். பந்தல் தகரத்தின் கீழ் அத்தனை கூட்டம், அத்தனை புழுக்கம். அவன் சட்டை முதுகோடும் நெஞ்சோடும் நனைந்து ஒட்டியிருந்தது.

சேலையைப் போர்த்தியதும் பொன்னுத்தங்கம் அண்ணனின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அலறினாள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகை நடுவில் அவள் குரல் மட்டும் அறுந்ததுபோல் நின்றது.

முகத்தை எடுக்காமல் ஒருமுறை மூச்சை இழுத்தாள். வியர்வையில் ஊறினால் மண்ணெண்ணெய் திரும்ப வாடையடிக்கும் என்பதைக் கற்பகம் மறந்துபோயிருந்தாள். பொன்னுத்தங்கம் இரண்டு விரலால் சட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். நேற்றுக் காலையில் மொடமொடவென்று இருந்த துணி பழந்துணியாகத் துவண்டு கிடந்தது. அவள் நிமிர்ந்து, அண்ணனைத் தாண்டி, கற்பகத்தைப் பார்த்தாள்.

"மதினி, வெந்நீர்ல சோடா எம்புட்டுப் போட்டீக?"

பந்தலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அந்தப் பொடியில் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொருத்தியாக அழுகையை நிறுத்தினார்கள். ஜெயச்சந்திரன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். தெரியாது என்று சொல்லிவிடு என்று அந்தக் கண் கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். கற்பகத்துக்குத் தன் கையிலிருந்தும் அந்த வாடை வருவதுபோல் இருந்தது. எதிரே நிற்பவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றைக்குப் பாட்டிலோடு வந்து நின்ற அதே முகம் கேட்கிறது.

"ரெண்டு கை அள்ளி" என்றாள் கற்பகம்.

ஜெயச்சந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொன்னுத்தங்கம் அவனைப் பேச விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அப்ப நீ மருந்து ரூம்ல நின்னுருக்க. போர்மேன் நிக்கையில எம் புருசன் தானாக் கலக்கல. நீ கலக்க வச்சிருக்க."

தோளில் கிடந்த கோடிச் சேலையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் அண்ணன் கையில் திரும்ப வைத்தாள்.

"எனக்குக் கோடி போடப் பெறந்த வீட்டுல ஆளு இல்ல. தூக்குங்க."

முறை தெரிந்த பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தூக்குகிறவர்களுக்குத் தலையசைத்தார். போலீஸ்காரர் என்ன விஷயம் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்க, அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஜெயச்சந்திரன் சேலையைப் பிடித்தபடி, பொட்டுக் கறையில்லாத சட்டையில் அப்படியே நின்றான். பாண்டிமுருகனைத் தூக்கினார்கள்.