மூன்று பாய்க்கு ஒரு சாண்

டோஹாவிலிருந்து கப்பலில் வந்த பெட்டியைக் கண்டதும் ஸாலிஹா அதை ஃபிரிட்ஜ் என்றுதான் நினைத்தாள். அது வாசலால் நுழையவில்லை. கணவன் ரிஸ்கானும் லொறிக்காரனும் பக்கத்து வீட்டு ஹப்ஸா ராத்தாவின் வளவால் சுமந்துவந்து, மதிலுக்கு மேலால் தூக்கி இறக்கினார்கள். அட்டையைக் கிழித்துப் பார்த்தால் ஃபிரிட்ஜும் இல்லை, வாஷிங் மெஷினும் இல்லை. இரண்டடி அகல வாயைத் திறந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது.

"ஸ்கிம்மர்," என்றான் ரிஸ்கான், பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவன் போல.

"என்ன செய்யும்?"

"தண்ணிக்கு மேல மிதக்கிற சருக இழுத்து விழுங்கும். உள்ளுக்குக் கூடை இரிக்கு. சருகு கூடையில தங்கும், தண்ணிய மோட்டர் திருப்பிக் குளத்துக்கே விடும்."

ஸாலிஹா அந்த வாயைப் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள். குளம் என்று சொன்னது ரிஸ்கான் மட்டும்தான். ஹப்ஸா அதைத் தொட்டி என்றாள். ஸாலிஹா குழி என்றாள், ஏனென்றால் தோண்டப்பட்டது அவளுடைய வளவு. காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். இந்த மாப்பிள்ளை சூட்கேசோடு வந்து, இரண்டு வருடம் இருந்து, டோஹாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார். பதினொரு வருடம் கழித்து மூன்று மாத லீவில் வந்தவர், துணி காயப்போடும் கொடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒன்பதடிக்கு ஆறடி குழி தோண்டி, சீமெந்து பூசி, கொய் என்ற வண்ண மீன்கள் ஆறை விட்டார். லீவில் வந்த எத்தனையோ பேர் செய்கிற அட்டகாசங்களைப் பார்த்தவள் என்பதால் ஸாலிஹா வாய் திறக்கவில்லை. இரண்டாவது கலியாணம் பேசாமல் மீன் வளர்க்கிறாரே, அந்த மட்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அவள் வாய் திறக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. கல்லடியில் விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்த வினாயகமூர்த்தி என்பவர், முற்றத்தில் மூன்று மீன் குளங்கள் வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். ரிஸ்கான் போய்ப் பேசியிருந்தான். "உங்கட வீட்டுக் குளத்தப் பாக்கிறன் தம்பி. தண்ணி துப்பரவா இருந்தா வேலையும் உங்களுக்குத்தான், வருசம் முழுக்கப் பராமரிப்பும் உங்களுக்குத்தான்" என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். வேலை கிடைத்தால் ரிஸ்கான் ஊரில் நிற்பான். கிடைக்காவிட்டால் அதற்கடுத்த வியாழன் விமானம். மகள் அஸீமாவுக்கு வயது பன்னிரண்டு. தகப்பனை அவள் கண்டதெல்லாம் பெரும்பாலும் போன் திரையில்தான்.

அவன் நிற்கவேண்டும் என்று ஸாலிஹா ஆசைப்பட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ராவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அந்த இரண்டடி வாயைப் பற்றியும் பேசாமல் இருந்தாள். அது பிழை. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும்.

குளத்தில் விழுந்த சருகெல்லாம் ஹப்ஸாவின் ஜாம் பழ மரத்துடையது. மரம் அந்தப் பக்கம், கொட்டுவது இந்தப் பக்கம். பழைய தேங்காய்ப்பால் வடியை ஒரு கம்பில் கட்டி, விடிந்ததும் சருகை அள்ளிக் கொட்டுவது ஸாலிஹாவின் வேலையாகிப் போனது. இரண்டு மாதம் அள்ளியதில் எந்தச் சருகு எங்கே போய் ஒதுங்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கிற காலம். காற்று வாவிப் பக்கமிருந்து வரும், சருகெல்லாம் கடல் பக்கத்து மூலையில் போய்க் குவியும். ரிஸ்கான் ஸ்கிம்மரைப் பதித்தது வாவிப் பக்கத்தில்.

"அங்கதானே கதிரை போட்டு இருக்கிற. வாறவர் அத முதல்ல பாக்கணும்," என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் மோட்டரைப் போட்டான். மீன் தொட்டிக் கடையில் வாங்கிய சின்ன மோட்டர். ஸ்கிம்மரின் வாய்க் கதவு இலேசாகத் தலையாட்டியது. தண்ணீர் அந்த அகல வாயால் சோம்பேறித்தனமாகக் கசிந்து போனது. சருகுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று மட்டும் வாய்வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, காற்றடித்ததும் திரும்பிப் போய்விட்டது.

"எங்கட ஹோட்டல்ல நாப்பதாயிரம் லீற்றருக்கு ஒண்டு. இது வெறும் மூவாயிரம் லீற்றர். துப்பரவா இழுக்கணுமே!" ரிஸ்கான் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். "இந்தச் சின்ன மோட்டர்தான் காணாது."

"வாய் பெரிசாயிட்டோ தெரியா, மச்சான்," என்றாள் ஸாலிஹா மெல்ல.

"பெரிசு ஒரு நாளும் பிழையாப் போகாது, புள்ள."

மதிலுக்கு மேலால் ஹப்ஸாவின் தலை தெரிந்தது. அவளுடைய தலை மதிலுக்குக் கீழே இருந்த நேரம் குறைவு. "ஏன் கா ஸாலிஹா, உன்ட மாப்பிள்ளைட பெட்டிக்குப் பசியில்லையோ?"

சனிக்கிழமை காலை ரிஸ்கான் ஏறாவூருக்குப் போய், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஒன்றை மச்சினனிடம் கேட்டு ஓட்டோவில் ஏற்றிவந்தான். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். பூட்டினான். "பிஸ்மில்லாஹ்" சொல்லி இயக்கினான்.

இந்தத் தடவை சருகு போனது. தண்ணீரும் போனது. மீன் தீனி போனது, தீனிக்குப் பின்னால் மீன்கள் போயின. குளத்துக்குத் திரும்பி வரவேண்டிய குழாய் அந்த வேகத்தில் கழன்று, பாம்பு போல எழும்பி, மதிலுக்கு மேலால் ஹப்ஸாவின் முற்றத்தில் பீய்ச்சியது. அங்கே பாயில் அரிசி மா காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் அது கூழாகிவிட்டது.

"யா அல்லாஹ்! இடியப்ப மா! இரண்டு கொத்து மா!" மதிலுக்கு அப்பால் ஹப்ஸா அலறினாள். "உன்னிச்சைக் குளம் உடைச்சா கூட இப்பிடி வராதே!"

ரிஸ்கான் பாய்ந்து மோட்டரை நிறுத்தியபோது குளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. ஸாலிஹா ஸ்கிம்மரின் மூடியைத் திறந்து கையை விட்டாள். சருகோடு சருகாக ஆறு மீன்களும் கூடைக்குள் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பொத்தி எடுத்து, சோறு வடிக்கிற பெரிய சட்டியில் விட்டாள். ஆறும் பிழைத்தது மீன்களின் அதிர்ஷ்டம். ரிஸ்கானின் கெட்டித்தனம் அதில் கடுகளவும் இல்லை.

அவன் குளத்துச் சீமெந்துக் கட்டின் மேல் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஹோட்டல்ல மீன் இருந்ததா மச்சான்?" என்று கேட்டாள்.

"ஸ்விம்மிங் பூல்ல யார் மீன் விடுற?"

"இஞ்ச மீன் இரிக்கே."

"ஓம், எனக்கு ஒண்டும் தெரியா!" அவன் எரிந்து விழுந்தான். "வினாயகமூர்த்தி சேருக்கு வரவேணாமெண்டு சொல்லுறன். அங்கயே போறன். அங்கயெண்டா எல்லாம் அளவோட இரிக்கும். இந்த வீட்டில ஒண்டும் எனக்குச் சரிவருதில்ல."

ஸாலிஹா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழுதாள். பிறகு அழுத கண்ணோடு, கரைந்த மாவுக்குப் பதிலாக இரண்டு கொத்து மா அளந்து மதிலுக்கு மேலால் ஹப்ஸாவிடம் நீட்டினாள். பதினொரு வருடம் அவனில்லாமல் வீட்டைக் கொண்டுநடத்தியவளுக்கு அழுகையும் ஒரு வேலைதான், மற்ற வேலைகளுக்கு இடையில் முடித்துவிடவேண்டியது.

குளத்தில் தண்ணீர் நிரம்ப மத்தியானமாகிவிட்டது. மோட்டரைத் திருப்பிக் கொடுக்க ரிஸ்கான் ஏறாவூருக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் ஸாலிஹா கோடிப்புறத்திலிருந்து ஒரு வெற்று பெயின்ற் வாளியை எடுத்து வந்தாள். அதன் விளிம்பில் கையை விரித்து வைத்தாள். பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனிவரைக்கும், தன் கையால் ஒரு சாண். கத்தியை அடுப்பில் காய்ச்சி, அந்தச் சாண் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டினாள். தண்ணீர் மட்டத்தோடு எழும்பித் தாழ ஒரு கதவு வேண்டும், அது மிதக்கிற சாமானாக இருக்கவேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளியலறை வாசலில் ரிஸ்கான் டோஹாவிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பு கிடந்தது. வலது கால் செருப்பை எடுத்தாள். கொஞ்சம் ஆத்திரமும் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

செருப்பின் அடியை வெட்டி, நைலோன் நூலால் வாளியின் வாயில் தைத்தாள். உள்ளே வெங்காயம் வருகிற வலைப் பையைத் தொங்கவிட்டாள். அடியில் பழைய சின்ன மோட்டரை வைத்து, பாரத்துக்கு இரண்டு செங்கல் போட்டு, எல்லாவற்றையும் கடல் பக்கத்து மூலையில் இறக்கி மோட்டரைப் போட்டாள்.

தண்ணீர் அந்தச் சாண் வாயால் மெல்லிசாக, ஆனால் விறுக்கென்று வழிந்தது. கச்சான் பாதி வேலையைச் செய்தது, வாளி மிச்சத்தைச் செய்தது. ரேஷனுக்கு வரிசையில் நிற்கிற சனம் போலச் சருகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மீன்கள் வந்து செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போயின.

மஃரிப் நேரத்துக்குத் திரும்பிய ரிஸ்கான் குளத்துக் கட்டின் மேல் குந்தி, அரை மணித்தியாலம் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்ட செருப்பு," என்றான் கடைசியில்.

"ஓம்."

அன்றிரவு வினாயகமூர்த்திக்கு அவன் போன் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வினாயகமூர்த்தி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கொப்பி, காதில் பென்சில். ரிஸ்கான் அவரைக் கதிரையில் இருத்தி, பெரிய ஸ்கிம்மருக்கு முன்னால் நின்று டோஹாவைப் பற்றி விளாசினான். ஸாலிஹா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாளியின் பக்கம் ஒரு தடவையும் கை காட்டவில்லை. சரி, செருப்பை எப்படிக் காட்டுவான்?

வினாயகமூர்த்தி எழும்பினார். தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அடியில் கிடந்த வெள்ளைக் கல் தெரிந்தது. ஜாம் மரத்திலிருந்து ஓர் இலையைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். இலை பெரிய ஸ்கிம்மரைத் திரும்பியும் பார்க்காமல், நேரே கடல் பக்கத்து மூலைக்கு ஓடியது. அவர் இலையின் பின்னால் நடந்தார். ரிஸ்கான் முந்திப்போய் வாளியை மறைத்தான்.

"தம்பி, கொஞ்சம் விலகுங்க."

ரிஸ்கான் விலகினான். வாளியின் வாயில் 'நாற்பத்திரண்டு' என்று இலக்கம் போட்ட செருப்படி மேலும் கீழும் ஆடி, இலையை விழுங்கியது.

"இதென்ன சாமான்?"

மதிலுக்கு மேலே ஹப்ஸாவின் தலை. அடுப்படி வாசலில் ஸாலிஹா. ஒரு நல்ல புளுகு சொல்ல ரிஸ்கானுக்கு எல்லா வசதியும் இருந்தது. ஜேர்மன்காரன் வடிவமைத்தது என்றால் மனுசன் நம்பிவிடுவார். அவன் ஒரு தரம் ஸாலிஹாவைப் பார்த்தான்.

"அது இவ செஞ்சது, சேர். என்ட பொஞ்சாதி. நான் வெச்ச ரெண்டும் பிழையாப் போயிட்டு."

"ரெண்டு கொத்து மா!" என்று ஹப்ஸா மேலிருந்து சாட்சி சொன்னாள்.

வினாயகமூர்த்தி கொப்பியைத் திறந்தார். "வாய் எத்தனை அங்குலம்?"

ரிஸ்கானுக்குத் தெரியவில்லை. ஸாலிஹாவுக்கும் தெரியவில்லை. "ஒரு சாண்," என்றாள்.

"என்ன கணக்கில வெட்டினீங்க, தங்கச்சி? எனக்கு மூண்டு குளம். நடுவில வாறது பெரிசு."

"எங்கட தண்ணிக்கு மேல மூண்டு பாய் விரிக்கலாம் ஐயா. ஆள் படுக்கிற பாய். மூண்டு பாய்க்கு ஒரு சாண். ஆழத்த விடுங்க, சருகு மேலதானே மிதக்கு. உங்கட நடுக்குளத்தில எத்தனை பாய் விரிக்கலாம்?"

வினாயகமூர்த்தி கண்ணை மூடி மனதுக்குள் பாய் விரித்தார். "பன்னிரண்டு."

"அப்ப நாலு சாண். ஒரே வாயா வெட்டினா இழுவை செத்துப்போகும். ஒரு சாண்படி நாலு வாளி, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சின்ன மோட்டர். கச்சானுக்கு ரெண்டு மூலை, வாடைக்கு ரெண்டு மூலை."

பென்சில் காதிலிருந்து இறங்கியது. அவர் எழுதினார். எழுதிவிட்டு ரிஸ்கானிடம் சொன்னார்: "நாளைக்கு வந்து அளவெடுங்க, தம்பி. வேலை உங்களுக்குத்தான். ஆனா மேஸனுக்குச் சாணில சொல்ல ஏலா. அங்குலத்தில தாங்க."

ரிஸ்கான் பொக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தான். வளவைக் கடந்து அடுப்படி வாசலுக்குப் போய், ஸாலிஹாவின் கையைப் பிடித்து விரித்தான். பட்டப்பகலில், வந்தவர் பார்க்க, ஹப்ஸா பார்க்க. அவளுக்குக் காது சுட்டது.

"ஆக்கள் நிக்காங்க, மச்சான்."

"அளவுதானே எடுக்கிறன்." டேப்பைப் பெருவிரலில் ஊன்றிச் சின்னவிரல்வரைக்கும் இழுத்தான். "ஏழே முக்கால், சேர்!"

வினாயகமூர்த்தி எழுதிக்கொண்டார். டேப் சுருண்டு உள்ளே போனது. கை மட்டும் அவன் கையிலேயே இருந்தது.

"விடுங்க, சோறு அடுப்பில கிடக்கு," என்றாள் ஸாலிஹா.

"பொறு, புள்ள. சரியாப் பாத்தனோ தெரியா," என்று சொல்லிவிட்டு, ரிஸ்கான் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினான்.