கன்னத்தில் சூடு

டி.வி.யில் நாடக விருது விழா தொடங்கியதும் அம்மா எழுந்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ட்யூப் லைட்டையும் அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல எதுக்கு அண்ணி இருட்டு?" என்றார் சித்தப்பா.

"மேடைக்கு ஆள் வந்தாச்சுன்னா இந்தப் பக்கம் லைட் எரியக் கூடாது. உங்க அண்ணன் போட்ட சட்டம்."

"சட்டம் போட்டவரே போய்ச் சேந்துட்டாரு."

"நீங்க இருக்கீங்கள்ல. வாயை மூடிட்டுப் பாருங்க."

மகள் சிரிக்கவில்லை. அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் இறந்துபோன நாடகக்காரர்களின் படங்களை விழாவின் நடுவில் காட்டுவார்கள். அதில் அப்பா வர வேண்டும்.

அப்பா லைட்மேன். காலமெல்லாம் அடுத்தவர் முகத்தில் வெளிச்சம் அடித்துவிட்டுத் தான் இருட்டில் நின்ற ஆள். விழாக் குழுவுக்குப் போன் போட்டுப் போட்டு மகளுக்கு வாய் வலித்தது.

"நடிகரா மேடம்? டைரக்டரா?"

"லைட்மேன்."

"ஓ... பார்க்கிறோம்."

அந்த 'ஓ'வைத் தாங்க முடியாமல் நேரிலேயே போய் நாலு கேள்வி கேட்டாள். அந்தக் குடும்பத்தின் முதல் டிகிரி அவளுடையது. இதற்குக்கூட உதவாவிட்டால் அந்தக் காகிதம் எதற்கு? படத்தை வாங்கிக்கொண்டு, காட்டுவதாகச் சொன்னார்கள். சொல்வதற்கென்ன.

விருது வாங்கிய நடிகர் ஒருவர் பெற்றோருக்கு, மனைவிக்கு, நாய்க்குட்டிக்கு எல்லாம் நன்றி சொல்லிவிட்டு, "மற்ற எல்லாருக்கும்" என்று கையை வீசினார்.

"அந்த 'மற்ற'வுலதான் எங்க அண்ணன் இருக்காரு," என்றார் சித்தப்பா.

டி.வி.யின் நீல வெளிச்சம் சுவரில் அசைந்தது. மகளுக்குப் பழைய வாடகை வீடு ஞாபகம் வந்தது. மேடை லைட்டுக்கு மாட்டப் புதுக் கலர்த் தாள் வாங்கினால் அப்பா முதலில் வீட்டு பல்பில்தான் சுற்றிப் பார்ப்பார். ஒரு நாள் வீடு விடியும். ஒரு நாள் தீப்பிடிக்கும்.

"இந்தக் கலர்ல என் மூஞ்சி பேய் மாதிரி இருக்கு," என்பாள் அம்மா.

"கலரை ஏன் குத்தம் சொல்ற?"

நீல வெளிச்சத்தில் நீல மையால் கணக்குப் போட்டால் எழுதியது கண்ணுக்கே தெரியாது. காலையில் பார்த்தால் வரிமேல் வரி ஏறிக் கிடக்கும். அதற்கு டீச்சரிடம் வாங்கிய அடிகூட இப்போது தித்தித்தது.

ஒத்திகைக்குப் போனால் சூடான லைட்டில் தூசி கருகும் வாசனை. அங்கே நெடுநெடுவென்று ஒரு பெண், எப்போதும் தன் வெளிச்சத்தை விட்டு விலகியே நிற்பாள். அப்பா அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தார். "தரையைப் பாக்காதம்மா. கண்ணை மூடு. கன்னத்துல சூடு தெரியுதா? அதான் உன் இடம்."

"வந்துட்டா பாரு," என்றாள் அம்மா.

அதே ஒட்டடைக்குச்சிதான். இப்போது பெரிய நடிகை. அஞ்சலிப் பாட்டுப் பாட வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் படங்கள் ஓடத் தொடங்கின. கேமராவோ அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இறந்தவர்கள் பின்னால் காதும் நெற்றியுமாக வந்து போனார்கள்.

மகளுக்குக் கொதித்தது. "செத்தவங்களைக் காட்டுடான்னா பாடுறவங்களைக் காட்டுறான்."

அடுத்த படத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. மூவருக்கும் தெரிந்த முழங்கை. கண்ணுக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தபடி அப்பா நிற்கும் படம் அது. அவருக்கு வேறு நல்ல படமே கிடையாது. முகத்தை ஒட்டடைக்குச்சியின் தலை மறைத்திருந்தது.

"போச்சு," என்றாள் மகள்.

பாடுகிறவளின் முகத்தில் பாதி நிழல் விழுந்திருந்தது. அவள் பாடிக்கொண்டே கண்ணை மூடினாள். கன்னத்தால் எதையோ தேடுவதுபோல் முகத்தை லேசாகத் திருப்பினாள். ஓர் எட்டு இடப்பக்கம் வைத்தாள்.

முகம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. அவள் தோளுக்குப் பின்னால் அப்பா முழுசாக நின்றார். கண்ணைச் சுருக்கி, இவள் சரியான இடத்தில் நிற்கிறாளா என்று பார்ப்பதுபோல.

படம் மாறியது.

"அவங்க தெரிஞ்சா நகந்தாங்க?" என்று கேட்டாள் மகள்.

"பின்னால யாரு படம்னு அவளுக்கு எப்படிடி தெரியும்? சூடு தேடி நகந்தா." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் சொன்ன பேச்சைக் கேக்குறா."

விளம்பரம் வந்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"இருங்க சித்தப்பா," என்றாள் மகள். "இன்னும் முடியல."