பாவி நகர்சேவக்

தேஜஸ்வினி வரைந்ததில் புணேயின் தாபோடிக்காரர்கள் அதிகம் பகிர்ந்தது தண்ணீர் லாரியைக் கதாநாயகியாக்கிப் போட்ட படத்தைத்தான். உதட்டுச் சாயமும் மல்லிகைப் பூவுமாக லாரி தெருமுனையில் ஒயிலாகத் திரும்பும். குடமும் பக்கெட்டும் ஏந்திய ஒரு தெருவே காதல் முற்றிய முகத்தோடு அதன் பின்னால் ஓடும். மூன்று கட்சி மாறிய ஒரு தலைவருக்கு 'மூன்று வேடங்களில்' என்று சினிமா போஸ்டர் போட்டிருந்தாள். தேர்தல் சமயத்தில் மட்டும் தெருவுக்கு வருகிற இன்னொருவருக்கு 'கௌரவத் தோற்றம்'. இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்துக்கு 'தாபோடி டாக்கீஸ்' என்று பெயர். வரைகிறவர் யாரென்று அதில் எங்கும் இருக்காது.

பகலில் அவள் முகமது ரஃபீக்கின் பிளெக்ஸ் கடையில் டிசைனர். அந்த வட்டாரத்துத் தலைவர்களின் பிறந்தநாள் பேனர்களெல்லாம் அவள் கையால்தான் தயாராகும். தொந்தியைக் குறைப்பாள், முடியைக் கூட்டுவாள், கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஜா நிறம் ஏற்றுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், எடுத்ததையெல்லாம் இரண்டு மடங்காகத் திருப்பி வைத்து வரைவாள். ரஃபீக் வாணியம்பாடிக்காரர். விஷயம் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்.

சோபான் அண்ணா அவளுடைய பழைய வாடிக்கையாளர். மரக்கடை வைத்திருந்தார். கவுன்சிலர் ஆக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கவுன்சிலரை மராத்தியில் நகர்சேவக் என்பார்கள். ஒரு தேர்தலில் தோற்றார். அடுத்த தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதுவரை அவருடைய எல்லா பேனர்களிலும் 'பாவி நகர்சேவக்' என்றே போட்டுக்கொண்டிருந்தார். மராத்தியில் 'பாவி' என்றால் 'வருங்கால' என்று பொருள். புணேயில் இப்படி வருங்காலங்கள் சந்துக்கு ஒன்று உண்டு. தாபோடி டாக்கீஸில் சோபான் அண்ணாவுக்கும் ஒரு போஸ்டர் வந்திருந்தது: பாதி திறந்த கதவில் மார்பை நிமிர்த்தி, இடுப்பில் கையூன்றி, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி நிற்கும் கதாநாயகன், கீழே 'விரைவில், மிக விரைவில், கட்டாயம் விரைவில்'.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் கடைக்குள் நுழைந்து அந்தப் போஸ்டரைத் தன் போனில் எடுத்துத் தேஜஸ்வினியிடம் காட்டினார். இதை வரைந்தது நீதானே என்று கேட்டார். கையின் வளைவைப் பார்த்தால் தெரிகிறதாம். தன் பேனரிலும் அதே கை இருக்கிறதாம். அவள் வாய் திறப்பதற்குள், இதில் மார்பு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். கோபிக்க வரவில்லை, ஆர்டர் கொடுக்க வந்திருந்தார்.

மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கு அவருக்குத் தமிழில் ஒரு பேனர் வேண்டும். வார்டில் தமிழ் ஓட்டு நிறைய. அதனால் தமிழ்ப் படத்து நாயகன் மாதிரி அவரை வரைய வேண்டும்: மடித்துக் கட்டிய வேட்டி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் தீப்பொறி, பறக்கும் தூசி. அதோடு ஒரு நிபந்தனை. 'பாவி நகர்சேவக்' என்ற பட்டத்தை மொழிபெயர்க்கக் கூடாது. எழுத்து மட்டும் தமிழில், சொல் அதே சொல். பல வருடமாக அந்தப் பெயரில்தான் ஜனங்களுக்குத் தன்னைத் தெரியும் என்றார்.

வீட்டில் தமிழ் பேசினாலும், புணேயில் வளர்ந்த தேஜஸ்வினி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த இரண்டு எழுத்துக்கு அவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. திரையில் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ரஃபீக் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மெஷின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் நேர்மையாகவே சொல்லிப் பார்த்தாள். அண்ணா, தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று மராத்தியில் ஆரம்பித்தாள். அவர் போனில் யாரையோ தேடிக்கொண்டே, அரசியலில் எந்தச் சொல்லுக்குத்தான் வேறு அர்த்தம் இல்லை, அப்படியே அடி என்றார். மறுபடி வாயெடுத்தபோது போன் வந்துவிட்டது. கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஒரு தரம் சொல்லியாச்சு இல்ல," என்றார் ரஃபீக். "இனிமே அது அவரோட நசீப், தலையெழுத்து. பிரின்ட் போடும்மா."

இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர் கோயில் வாசலில் ஏறியது. தீப்பொறிக்கு நடுவே சோபான் அண்ணா கறுப்புக் கண்ணாடியோடு நடந்து வந்தார். தலைக்கு மேலே சிவப்பில் 'உங்கள் பாவி நகர்சேவக்' என்று இருந்தது. கூழுக்கு வந்த சனம் சட்டியோடு அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தூரத்தில் காரில் உட்கார்ந்து இதைப் பார்த்த சோபான் அண்ணா, தமிழர்கள் இவ்வளவு பாசக்காரர்கள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தன் உதவியாளர் தருணிடம் நெகிழ்ந்து சொன்னாராம்.

தேஜஸ்வினியின் அப்பா மாடசாமி கட்கி ராணுவத் தொழிற்சாலையில் பிட்டர். ஷிப்ட் முடிந்து அந்த வழியாகத்தான் வந்தார். செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"ஏட்டி, அந்த போர்டு ஒங்க கடையில அடிச்சதா?"

"நான் சொன்னேன்ப்பா. அவர் சுன்னே கோ தயாரே இல்ல," என்றாள் அவள், அவர் கேட்கத் தயாராகவே இல்லை என்பதைப் பாதி இந்தியும் பாதி தமிழுமாக.

"தன்னைத்தானே பாவின்னு இம்புட்டுப் பெருசா ஒத்துக்கிட்டவனை நான் எங்கயும் பாத்ததில்ல. ஒருவகையில நல்ல மனுசன்தான்," என்றவர், குளிக்கப் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

நிக்டியிலிருந்து குடும்பத்தோடு கூழ் குடிக்க வந்த ரங்கராஜன் என்ற ஐ.டி. ஆசாமிதான் பேனரைப் படமெடுத்து, தமிழில் இதற்குப் பாவம் செய்தவன் என்று பொருள் என மராத்தியில் விளக்கமும் எழுதிப் போட்டார். அது எதிர்க்கட்சி ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து ஊரெல்லாம் சுற்றி, மறுநாள் காலையில் சோபான் அண்ணாவின் போனுக்கே வந்து சேர்ந்தது.

அவர் வருவதைக் கண்டதும் ரஃபீக் ஷட்டரைப் பாதி இறக்கினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. சோபான் அண்ணா குனிந்து உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாக இருந்திருந்தால் தேஜஸ்வினிக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் வாடிப்போயிருந்தார். நேற்று அவ்வளவு பேர் சிரித்தது என்னைப் பார்த்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவருக்காக முதல்முறையாக அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

தமிழில் அது வெறும் திட்டுதானா என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். வீட்டில் அம்மா அந்தச் சொல்லை எப்போதெல்லாம் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கோபத்தில் சொன்னால் திட்டு. ஆனால் சிநேகிதன் ஏதாவது குறும்பு செய்துவிட்டு வந்து நிற்கும்போது 'அடப்பாவி' என்பார்கள், அதில் ஆச்சரியமும் கொஞ்சம் செல்லமும் இருக்கும் என்று விளக்கினாள்.

சோபான் அண்ணா நிமிர்ந்தார். "அட-பாவி," என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. பேனரைக் கழற்ற வேண்டாம் என்று அங்கேயே தருணுக்கு உத்தரவு போட்டார். விழாவின் கடைசி நாள் மேடையில் பேச ஒரு தமிழ் வசனம் எழுதிக் கொடு, பேனருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னார்.

அவள் தேவநாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வரிவரியாக அர்த்தமும் சொன்னாள். அவள் தெருவில் வருடக்கணக்காக வழியும் சாக்கடை வந்த இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்தினார். அது இல்லாமல் முடியாதா என்றார். அது இல்லாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றாள். சிரிப்பு வேண்டும் என்பதால் அவர் சாக்கடைக்கும் சம்மதித்தார்.

கடைசி நாள் மேடையில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நான் பாவிதான். உங்க தெருச் சாக்கடையைப் பாத்துக்கிட்டே இத்தனை வருசம் சும்மா நின்ன பாவி. அடப்பாவின்னு திட்டுங்க. ஆனா கைவிட்டுடாதீங்க."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோயில் பந்தலே குலுங்கியது. விசில் பறந்தது. சோபான் அண்ணா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும் நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஆரோக்கியமேரி எழுந்தாள். அந்தச் சாக்கடை போய் முடிகிற இடத்தில்தான் அவள் வீடு. போகிறது சர்ச்சுக்கு என்றாலும் ஆடிக் கூழுக்குத் தவறாமல் வருவாள்.

"பாவின்னு ஒத்துக்கிட்டது சந்தோசம் தம்பி. எப்ப சரி பண்ணுவே, அதச் சொல்லு."

சோபான் அண்ணாவுக்குத் தெரிந்த இன்னொரு தமிழ்ச் சொல் 'சரி' ஒன்றுதான். கேள்வியில் அது காதில் விழுந்ததும் உற்சாகமாக, "சரி, சரி" என்று தலையாட்டினார்.

"சரின்னா எப்ப?"

அவர் திருதிருவென்று விழித்து, கூட்டத்தில் தேஜஸ்வினியைக் கண்டுபிடித்து மேடைக்கு அழைத்தார். அவள் ஏறி மைக்கைப் பிடித்தாள். கடையில் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் மெருகு போட்டிருப்பாள். கேள்வியை மழுப்பி, அம்மா வாழ்த்துகிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆரோக்கியமேரி நின்றுகொண்டே இருந்தாள். கூட்டத்தில் எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தேஜஸ்வினி கேட்டதைக் கேட்டபடியே மராத்தியில் சொன்னாள்: சாக்கடையை எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று கேட்கிறார்கள்.

சோபான் அண்ணா அவளைப் பார்த்தார். போன்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தீபாவளிக்கு முன்னால் என்றார். அவள் தமிழில் சொல்வதற்குள்ளேயே கைதட்டல் எழுந்துவிட்டது. தாபோடியில் மராத்தி புரியாத தமிழர் யாரும் இல்லை. ஆரோக்கியமேரிக்கும் புரியும். இருந்தாலும் தேஜஸ்வினி அதைத் தமிழில் சொல்லக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

யாரைப் பிடித்தாரோ, என்ன சொன்னாரோ, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் தெருவைத் தோண்டினார்கள். பெரிய பெரிய சிமென்ட் குழாய்கள் வந்து இறங்கின. அதோடு வேலை நின்றது. அந்தத் தீபாவளிக்கு விளக்குகளைக் குழாய்களின் மேல்தான் வரிசையாக வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குளிர்காலத்தில் தேர்தல் வந்தது. வேலையைத் தொடங்கிவிட்டேன், முடிக்க விடுங்கள் என்று சோபான் அண்ணா குழாய்களைக் காட்டி ஓட்டுக் கேட்டார். கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தும்விட்டார்.

ஊரெல்லாம் வெடி வெடித்த அன்று தேஜஸ்வினி கடையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவரைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு அவருக்குப் பிரசாரம் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. தொந்தியை வரைந்தால் அவருக்குச் சந்தோஷம், மீசையை வரைந்தால் அதைவிடச் சந்தோஷம். இதற்கு நான் பேனரே அடித்திருக்கலாம் பாய் என்றாள்.

"நீ ரெண்டும் அடிச்ச," என்றார் ரஃபீக். "அதுக்காக வரையறத நிறுத்திடாத. கடையில உன் மூஞ்சியப் பாக்க முடியல."

சில வாரங்கள் அவள் ஒன்றும் வரையவில்லை. பள்ளத்தின் குறுக்கே யாரோ ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். தெருவில் போவோர் வருவோர் எல்லாம் அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஒரு நாள் காலையில் அம்மா தமிழரசி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, புடவையை ஒதுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அந்தப் பலகையில் வருவதை தேஜஸ்வினி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எதிர்ப்பக்கம் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டரோடு ஒருவர், முறைக்காகக் காத்திருந்தார்கள். தேஜஸ்வினி பேனாவை எடுத்தாள்.

படத்தில் அந்தப் பலகை அழகிப் போட்டி மேடையாக இருந்தது. அம்மா காய்கறிப் பையோடு இடுப்பை ஒடித்து நடந்து வந்தாள். பின்னால் சிலிண்டர்காரர் ஒய்யாரமாக நின்றார். பள்ளத்துக்குள் நடுவர்களாக மூன்று எருமைகள் மதிப்பெண் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தன. சோபான் அண்ணா அதில் எங்குமே இல்லை. அன்று மாலைக்குள் அது பகிர்வில் தண்ணீர் லாரிப் படத்தைத் தாண்டிவிட்டது.

மறுநாள் தருண் போன் செய்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினான். அண்ணாவைப் போட்டு எத்தனை படம் வேண்டுமானாலும் வரையலாமாம், அண்ணா ஒன்றும் சொல்ல மாட்டாராம். அந்தப் பலகைப் படத்தை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

அதில் அண்ணாவே இல்லையே என்றாள் தேஜஸ்வினி.

அதுதான் அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை என்றான் தருண். எல்லோரும் பள்ளத்தையே பார்க்கிறார்களாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, ரஃபீக் கேட்கும்படியாக நடந்ததைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் வரைந்ததை யாரும் எடுத்துவிடச் சொன்னதில்லை. மனசு லேசாகிவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு தலைவர்களின் கன்னத்துக்குக் கேட்டதற்கு மேலேயே ரோஜா நிறம் ஏற்றினாள்.

படத்தை அவள் எடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். குழாயைத் தொடவில்லை. முதல் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையைப் போட்டு, இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டுப் போனார்கள். தமிழரசி அதில் நடந்து பார்த்தாள். ஆடவில்லை. நடுவில் நின்று ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, இன்னொரு தடவ என்ன வரையறதா இருந்தா அந்தப் பச்சப் பொடவையில போடு. காய்ப் பை வேண்டாம்."