பத்தொன்பதாம் மாடிக்குப் பச்சை இலை

சீனாவின் செங்டு நகரில் எங்கள் கட்டடத்துக்கு முப்பது மாடி, மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கொரு மரம். பால்கனியில் நிற்கும் அந்த மரம் நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒரு கிளையைக்கூட நாங்கள் தொடக்கூடாது. அதற்குத் தண்ணீர் தானாக வரும். எங்களுக்குத்தான் சில நாள் வராது.

பத்தொன்பதாம் மாடியில் எங்கள் மரம் செழித்து வளர்ந்து வெளிச்சத்தை அடைத்தது. நான் வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் அப்பா மட்டும்தான். பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் தட்டில் எது மிளகாய், எது இறைச்சி என்று அப்பாவுக்குத் தெரியும். கீழே வரவேற்பறையில் ஒரு பலகை உண்டு: மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீட்டுக்குப் பச்சை இலை, வீணாக்கும் வீட்டுக்குச் சிவப்பு. மூன்று மாதமாக எங்களுக்குச் சிவப்பு. அப்பா முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மேல்மாடி பாங் அக்கா மட்டும் அப்பாவிடம் சொன்னார். “லியாவ் அண்ணே, வாரியத்துல ஓசிக் கரண்டு பழகிருச்சோ?”

எப்போதும் மேகம் மூடிக்கிடக்கும் எங்கள் ஊரில் ஜனவரியில் இரண்டு நாள் வெயில் வந்தது. வழக்கம்போல ஊரே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தது. அப்பாவும் தேநீர்க் குவளையோடு கீழே இறங்கினார். வெயில் போன பிறகும் மேலே வரவில்லை. அங்கேயே மற்ற கிழவர்களோடு மாஜோங் காய் ஆடினார், சாப்பிட்டார். தூங்க மட்டும் வீட்டுக்கு வந்தார். மறுமாதம் எங்களுக்குப் பச்சை இலை. அதுவும் முதலிடம்.

பாராட்ட நகராட்சி அதிகாரி ஒரு அம்மா வந்தார். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் போதும், படம் பலகையில் ஏறும் என்று கட்டட மேலாளர் தெங் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா முடிகூட வெட்டியிருந்தார்.

“எப்படிச் சாதிச்சீங்க?” என்றார் அதிகாரி.

அப்பா பலகையைப் பார்த்தார். “வீட்டுல இருக்கிறதில்ல.”

தெங் சிரித்துச் சமாளித்தார். அப்பா சிரிக்காமல் அதிகாரியை மேலே அழைத்துப்போய், விளக்குப் போடாமல் படிவத்தை நிரப்பச் சொன்னார். மதியம் இரண்டு மணி. அந்த அம்மாவின் மூன்றாவது வரி இரண்டாவது வரிமேல் ஏறியது. தெங்கின் கை சுவிட்சுக்குப் போனது.

“போடாதீங்க தம்பி, சிவப்பு வந்துரும்,” என்றார் அப்பா.

அதிகாரி எழுந்துபோய் மரத்தைப் பார்த்தார். “எந்தக் கிளை?” என்றார். அப்பா மூன்றைக் காட்டினார். அவற்றை வெட்டச் சொன்ன அதிகாரி, ஆளில்லாத வீட்டின் மிச்சம் மிச்சமாகாது என்று சொல்லிப் பச்சை இலையையும் எடுத்துவிட்டார்.

மறுவாரம் கிளைகள் போயின. பலகையில் இப்போது யார் முதலிடம் என்று நான் சொன்னபோது அப்பா நிமிரவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, விளக்கில்லாமல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.